வேகத் திரையும் விழியின் எல்லையும்

கணினி விளையாட்டிற் பற்றுடைய மாணாக்கர் பலர், செக்கனுக்கு 240, 360, 540 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரைகளை விரும்புகின்றனர். பெற்றோரோ, “60 போதாதோ?” என வினவுகின்றனர். இவ்விரு சாராருள் எவர் கூற்றுப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திரையில் யாம் காண்பது மெய்யான அசைவன்று. நிலைத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுதலால் விளையும் மயக்கமே அது. ஒரு செக்கனில் எத்தனை முறை படம் மாறுகின்றதோ அத்தொகை புதுப்பிப்பு வீதம் எனப்படும். அதன் அலகு ஹேர்ட்ஸ் ஆகும். சினிமா நெடுங்காலமாகச் செக்கனுக்கு 24 படங்களைக் கொண்டே இயங்கிவருதலின், அதற்கு மேற்பட்டவை கண்ணுக்குப் புலனாகா எனச் சிலர் கூறுவர். இது தவறு. 24 முறை மட்டும் ஒளிர்ந்தால் திரை துடிக்கும் என்பதனாலன்றோ, படமெறி கருவியின் மூடி ஒவ்வொரு படத்தையும் இருமுறையோ மும்முறையோ ஒளிரச் செய்தது!

இதனை வகுப்பறையிலேயே சோதிக்கலாம். எம் நாட்டு மின்னோட்டம் 50 ஹேர்ட்ஸ் உடையது. ஆதலின், சோக் பொருத்திய பழைய குழல்விளக்கு செக்கனுக்கு 100 முறை துடிக்கின்றது. அத்துடிப்பு நேரே புலப்படுவதில்லை. எனினும், அதன்கீழ் ஒரு பென்சிலை விரைந்து ஆட்டினால், ஒன்று பலவாகத் தோன்றும். ஒளியின் துடிப்பை உணர்தல் வேறு. அசைவின் இடைவெளியை உணர்தல் வேறு என்பது இதனால் விளங்கும்.

இனித் திரைக்கு வருவாம். இக்காலத் திரை, ஒரு படத்தை அடுத்தது வருந்துணையும் அசையாது காட்டி நிற்கும். கண்ணோ ஓடும் உருவத்தை இடையறாது தொடரும். கண் செல்லப் படம் நிற்றலின், விழித்திரையில் உருவம் இழுபட்டு மங்குகின்றது. செக்கனுக்கு 960 படப்புள்ளி தூரம் ஓடும் உருவம் 60 ஹேர்ட்ஸில் 16 புள்ளியளவு மங்கும். 240இல் 4 புள்ளி. 480இல் 2 புள்ளி. ஆகவே, வேகம் மிகத் தெளிவு மிகும் என்பது மெய்யே.

ஆயின், அம்மிகுதி எங்கும் ஒரே அளவினதன்று. ஒரு படம் நிற்கும் காலம் 60 ஹேர்ட்ஸில் 16.7 மில்லிசெக்கன், 144இல் 6.9, 240இல் 4.2, 360இல் 2.8, 540இல் 1.9. 60ஐ விட்டு 144க்குச் செல்வோன் ஏறத்தாழ 10 மில்லிசெக்கனை மீட்கின்றான். 360ஐ விட்டு 540க்குச் செல்வோனோ ஒரு மில்லிசெக்கனையும் முழுதாகப் பெறான். கண்டதற்கு விரலசைக்க மனிதனுக்கு 200 மில்லிசெக்கன் அளவு செல்லும் என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். திறன் ஒத்த இருவர் பொருதும் தொழில்முறைச் சுடும் போட்டியில் அச்சிறு வேறுபாடும் பயன்படலாம். ஏனையோர்க்கு அது பெரும்பயன் தாராது.

அன்றியும், திரை தனித்து யாதும் செய்யாது. செக்கனுக்கு 90 படங்களையே ஆக்கவல்ல கணினிக்கு 360 ஹேர்ட்ஸ் திரை பூட்டுதல், சிறு வாய்க்காலுக்குப் பெருமதகு கட்டுதலை ஒக்கும். திரவப் பளிங்குத் திரைகள் சிலவற்றிற் புள்ளிகள் நிறம் மாறவே சில மில்லிசெக்கன் செல்லும். அங்கே பெரிய எண் பெட்டியின்மேல் மட்டும் விளங்கும். ஓலெட் திரையில் அம்மாற்றம் ஒரு மில்லிசெக்கனுக்குள் நிகழ்கின்றது. வேகத் திரையை வாங்கியும், கணினியின் அமைப்பில் 60ஐ மாற்றாது விட்டு, மாற்றம் காணேமென வருந்துவோரும் உளர்.

எனவே, 60ஐ விட்டு 144 அளவிற்கு ஏறுதல் எவர்க்கும் புலனாகும் நன்மை. 240, விரைவு விளையாட்டில் ஊன்றிப் பயில்வோர்க்கும் அதற்கேற்ற கணினி உடையோர்க்கும் தகும். அதற்கு மேற்பட்டவை போட்டியே தொழிலாகக் கொண்டார்க்கு உரியன. சதுரங்கமும் கதை விளையாட்டும் ஆடுவோர் அப்பணத்தை வேறு நற்பொருளிற் செலவிடுதல் நன்று. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது திரைக்கும் பொருந்தும்.