ஒரு சிறு கணினியிற் பல அடையாள வாசிப்பான்களை இணைத்தல்

ஊவா மாகாணத்து மேட்டு நிலங்களில் விளையும் போஞ்சி, கோவா, கரட், உருளைக்கிழங்கு முதலியன கெப்பெட்டிப்பொலைப் பொருளாதார மத்திய நிலையம் வழியாகவும், தனி வியாபாரிகள் வழியாகவும் விற்கப்படுகின்றன. ஒரே லொறியிற் பல கமக்காரரின் பெட்டிகள் ஏற்றப்படும்போது, எப்பெட்டி எவருடையது, அதன் நிறை யாது என்பவற்றில் ஐயம் நேர்வதுண்டு. அவ்வாறு நேருமிடத்து நட்டம் பெரும்பாலும் கமக்காரரையே சாரும். ஏனெனிற் கணக்கேடு அவர் கையில் இல்லை. தோட்டங்களிற் கொழுந்து மடுவத்தில் நிறுப்பவர் எழுதும் கணக்கைப் பற்றியும் இத்தகைய ஐயம் எழுவதுண்டு. சங்கமாகக் கூடி விளைபொருளைச் சேர்ப்போர் குறைந்த செலவிற் செம்மையான கணக்கு வைத்துக்கொள்ளும் முறையொன்று இங்கு விளக்கப்படுகின்றது.

அடையாள வில்லையும் வாசிப்பானும்

ஆர்.எப்.ஐ.டி. எனப்படும் அடையாள வில்லையினுள் நுண்சில்லொன்றும் கம்பிச் சுருளொன்றும் உள்ளன. இதற்கு மின்கலம் வேண்டியதில்லை. வாசிப்பான் பரப்பும் வானொலி அலையிலிருந்தே வலுவைப் பெற்று, வில்லை தனது எண்ணைத் தெரிவிக்கும். மலிவாகக் கிடைக்கும் ஆர்.சி. 522 என்னும் வாசிப்பான் 13.56 மெகாஹேட்ஸ் அலையில் இயங்குவது. வில்லை அதற்குச் சில சென்ரிமீற்றர் அளவில் நெருங்கியிருத்தல் வேண்டும். வில்லைகளைப் பிளாஸ்டிக் பெட்டிகளிற் பொருத்துக. இரும்பு மேசை அலையைக் கெடுக்குமாதலால், வாசிப்பானை மரப்பலகை மேல் வைத்தல் நன்று.

இணைக்கும் முறை

2012ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி இவ்வேலைக்குப் போதுமானது. பொருளைப் பெறும் மேசைக்கு ஒன்றும், தராசுக்கு ஒன்றும், தரம் பிரிக்கும் மேசைக்கு ஒன்றுமாக மூன்று வாசிப்பான்கள் வேண்டுமாயினும் மூன்று கணினிகள் வேண்டியதில்லை.

ஒரு வாய்க்காலிலிருந்து பல வயல்களுக்கு நீர் பாய்ச்சும்போது, முறைக்குரிய வயலின் மடையை மாத்திரம் திறந்து ஏனையவற்றை அடைத்து வைக்கின்றோம். இவ்விணைப்பும் அத்தகையதே. செய்தி செல்லும் கம்பி, செய்தி திரும்பும் கம்பி, துடிப்புக் கம்பி ஆகிய மூன்றும் எல்லா வாசிப்பான்களுக்கும் பொதுவானவை. இவை முறையே கணினியின் 19, 21, 23ஆம் முனைகளிற் பொருந்தும். தெரிவுக் கம்பி மாத்திரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேண்டும். அதுவே மடையாகும். எந்தத் தெரிவுக் கம்பியின் மின்னழுத்தம் தாழ்த்தப்படுகின்றதோ, அதற்குரிய வாசிப்பான் மாத்திரம் பேசும்.

இரண்டு வாசிப்பான்களுக்குக் கணினியே 24, 26ஆம் முனைகளை ஒதுக்கியுள்ளது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டால், தெரிவுக் கம்பிகள் அனைத்தையும் 16, 18, 22 போன்ற பொது முனைகளில் இணைத்து, நிரலின் வழியே ஆளுதல் வேண்டும். அன்றேல் கணினி தானாகவே 24ஆம் முனையையும் தாழ்த்த, இரண்டு வாசிப்பான்கள் ஒருங்கே விடையளித்துக் குழப்பம் விளையும்.

வாசிப்பானுக்கு 3.3 வோல்ற்று மின்னே கொடுத்தல் வேண்டும்; 5 வோல்ற்றுக் கொடுப்பின் அது பழுதடையும். அருகருகே உள்ள வாசிப்பான்கள் ஒன்றையொன்று தடுக்காதிருக்க, முறையல்லாதவற்றின் அலைபரப்பலை நிரலினால் நிறுத்தி வைக்குக.

தூரத்திலுள்ள வாசல்கள்

மேற்கூறிய கம்பிகள் குட்டையாய் இருத்தல் வேண்டும். பல மீற்றர் நீட்டினாற் செய்தி சிதையும். லொறி ஏற்றும் வாசல் எட்டத்தில் இருப்பின், ஆர்.எஸ். 485 இணைப்புடைய வாசிப்பானை அங்கே வைக்கலாம். அவ்விணைப்பு குறைந்த வேகத்தில் ஏறக்குறைய 1,200 மீற்றர் வரை செய்தியைக் கொண்டுசெல்ல வல்லது. ஒரே இணைக்கம்பியிற் பல வாசிப்பான்களைத் தனித்தனி முகவரியுடன் பொருத்தவும் இயலும்.

கவனிக்க வேண்டியவை

1. மின்சாரம் திடீரென நின்றால், நினைவக அட்டையிலுள்ள கணக்கு கெடலாம். ஆதலால் மின்கலத் துணையொன்று அவசியம்.

2. ராஸ்பெரி பையின் 4ஆம் பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. இணையமும் இல்லாதவிடத்து, மின் மீண்டும் வந்தபின் அவை பிழையான நேரத்தைக் காட்டும். நேரம் பிழைத்த கணக்கு வழக்கில் நில்லாது. டி.எஸ். 3231 போன்ற கடிகாரச் சில்லொன்றைச் சேர்த்துக்கொள்க.

3. ஒரே வில்லை பன்முறை வாசிக்கப்படலாம். குறித்த சில விநாடிகளுக்குள் அதே எண் திரும்ப வரின், அதனை விலக்குமாறு நிரலை அமைக்குக.

4. மலிவான வில்லைகளின் எண்ணைப் பிறர் படியெடுத்தல் கூடும். வில்லையை மாத்திரம் நம்பிப் பணம் கொடுத்தல் தகாது.

கமக்காரரின் பங்கு

வில்லை பெட்டியின் உடைமையாளரைக் கூறுமேயன்றி, நிறையின் உண்மையைக் கூறாது. தராசு பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். ஆதலால் முத்திரையிடப்பட்ட தராசையே பயன்படுத்துதல் வேண்டும். மொத்த நிறை, கழிவு, எஞ்சிய நிறை ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவு செய்க. மொத்தம் 24 கிலோ, பெட்டிக்கழிவு 2 கிலோ, எஞ்சியது 22 கிலோ என எழுதினால், கழித்தது யாது என்பதை எவரும் அறியலாம். 22 என்று மாத்திரம் எழுதினால், கழிவு நியாயமானதா என வினவ வழியில்லை. ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் கழிக்கும் தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

நிறுத்தவுடன் அச்சிட்ட துண்டொன்று கமக்காரர் கையிற் கொடுக்கப்படுதல் வேண்டும். கணினி சங்கத்தின் காரியாலயத்தில் இருக்கலாம். கணக்கின் ஒரு படி உழைத்தவர் வீட்டில் இருத்தல் வேண்டும். முதற் போகத்தில் பழைய ஏட்டையும் கைவிடாது, இரண்டையும் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இல்லையெனக் கண்ட பின்னரே புதிய முறையை முற்றாக மேற்கொள்க.