காகிதத்தில் வட்டம் வெட்ட எந்தக் கருவி?
இலண்டன் தமிழ் வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் சில குறிப்புகள்

இலண்டனில் எங்கள் கொண்டாட்டங்களில் காகித அலங்காரம் இல்லாத மேடை அரிது. பிறந்தநாள், சாமத்திய வீடு, தமிழ்ப் பாடசாலைப் பொங்கல் விழா, வாணி விழா என்று எதை எடுத்தாலும் பின்திரையில் காகிதப் பூக்கள் இருக்கும், தோரணம் தொங்கும், பிள்ளைகள் செய்த வாழ்த்து மடல்கள் சுவரில் இருக்கும். இவை எல்லாவற்றிலும் அதிகம் தேவைப்படும் வடிவம் வட்டம். பூவின் அடித்தட்டு வட்டம், சுருட்டி ரோஜாவாக்கும் தாளும் வட்டம், நூலில் கோர்க்கும் தோரணமும் வட்டம்தான்.

ஒரு சிறிய மேடைக்கே இருநூறு வட்டங்கள் வேண்டியிருக்கும். விழாவுக்கு முதல்நாள், வேலைக்குப் போய் வந்த தாய்மார் நள்ளிரவு வரை கத்தரிக்கோலுடன் இருப்பது பல வீடுகளில் நடப்பது. ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 15.7 சென்ரிமீற்றர். இருநூறு வட்டங்கள் என்றால் 31 மீற்றருக்கு மேல் வளைத்து வளைத்து வெட்ட வேண்டும். அடுத்தநாள் கட்டைவிரல் நோவதில் வியப்பில்லை.

நேர்கோட்டை அடிமட்டம் வைத்து வெட்டிவிடலாம். வட்டத்தில் ஒவ்வோர் இடத்திலும் திசை மாறுகிறது. ஒரு மில்லிமீற்றர் தட்டையாகிவிட்டாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். அதனால்தான் வட்டம் வெட்டுவதற்கென்றே பல கருவிகள் விற்பனைக்கு வந்தன. கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தால் வீண்செலவு குறையும்: வட்டம் எவ்வளவு பெரியது? எத்தனை தேவை? யாருடைய கையில் கருவி இருக்கப் போகிறது? மூன்றாவது கேள்விக்கு இந்த நாட்டில் சட்டம் சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

கத்தரிக்கோல்

பத்துப் பதினைந்து வட்டங்களுக்கு நல்ல கத்தரிக்கோலே போதும். கையைத் திருப்பக் கூடாது. கத்தரிக்கோல் ஒரே திசையில் நிற்க, மறு கை தாளைச் சுழற்ற வேண்டும். நுனியால் கொத்திக் கொத்தி வெட்டினால் விளிம்பு பல்லுப் பல்லாக வரும். அலகுகளின் உட்பகுதியால், முழுதாக மூடாமல், தொடர்ந்து வெட்ட வேண்டும். முதலில் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் விட்டுச் சதுரமாக வெட்டி எடுத்துக்கொண்டால் தாளைத் திருப்புவது இலகு.

வலக்கைப் பிள்ளை வட்டத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்ட வேண்டும். இடக்கைப் பிள்ளை கடிகாரத் திசையில் வெட்ட வேண்டும். இடக்கைக்காரருக்கான கத்தரிக்கோலில் அலகுகள் மாறிப் பொருத்தப்பட்டிருக்கும். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தாளை மடிக்கும், வெட்டும் கோடும் மறையும். பிள்ளைக்குக் கைவேலை வரவில்லை என்று நாங்கள் முடிவு கட்டுவதற்கு முன், அல்லது கையை மாற்றச் சொல்வதற்கு முன், இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம்.

கத்தரிக்கோலால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று இருக்கிறது. 1700ஆம் ஆண்டு பிறந்த மேரி டெலானி என்ற ஆங்கிலப் பெண்மணி, 1772இல், தனது 72ஆவது வயதில், வர்ணத்தாள்களைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டிக் கறுப்புத்தாளில் ஒட்டித் தாவரங்களை உருவாக்கத் தொடங்கினார். பார்வை மங்கும்வரை பத்து ஆண்டுகள் செய்தார். 985 படைப்புகள் சேர்ந்தன. 1897 முதல் அவை புளூம்ஸ்பரியிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவரது இதழ்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. தாவரத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டியவை அவை. அப்படிப்பட்ட வேலைக்குக் கத்தரிக்கோலுக்கு ஈடான கருவி கிடையாது. ஒரே அளவு வட்டத்தை இருநூறு தடவை வெட்டுவது வேறு வகை வேலை. அதற்குக் கையின் நுட்பத்தைவிட அச்சு உதவும்.

பஞ்ச்

அந்த அச்சு வேலையைச் செய்வது பஞ்ச் எனப்படும் அழுத்தும் கருவி. தாளை இடுக்கில் செருகி அழுத்தினால் வட்டம் கீழே விழும். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என அளவுகளில் கிடைக்கும். ஒரு பஞ்ச் ஓர் அளவை மட்டும் வெட்டும் என்பது குறை. ஆனால் இருநூறாவது வட்டமும் முதலாவதைப் போலவே வரும். அலகு உள்ளே மறைந்திருப்பதால் ஆறு வயதுப் பிள்ளையும் பெரியவர் பக்கத்தில் இருக்கப் பயன்படுத்தலாம்.

பஞ்சின் இடுக்கு ஆழமில்லாதது. ஏ4 தாளின் நடுப்பகுதிக்கு எட்டாது. ஆகவே தாளை முதலில் நீளவாக்கில் பட்டிகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் வட்டத்துக்கு 5.2 சென்ரிமீற்றர் அகலத்தில் நான்கு பட்டிகள், பட்டிக்கு ஐந்து வட்டம், ஆக ஒரு தாளில் இருபது. பத்துத் தாளில் இருநூறு. கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் தாள் எங்கே நிற்கிறது என்று தெரியும். தாளும் வீணாகாது.

மெல்லிய ரிசுத்தாள் பஞ்சில் சிக்கும். அதைச் சாதாரண அச்சுத்தாளோடு சேர்த்து வைத்து அழுத்தினால் சுத்தமாக வெட்டுப்படும். தடித்த அட்டையை வலிந்து செருகினால் கருவி இறுகிவிடும். மொட்டையாகிப் போன பஞ்சில் சமையல் அலுமினியத்தாளைச் சில தடவை வெட்டுவதும், இறுகினால் மெழுகுத்தாளை வெட்டுவதும் பலரும் செய்யும் கைவைத்தியம்.

கவராய வெட்டி

மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட வட்டத்துக்குப் பஞ்ச் கிடைப்பது கடினம். அங்கே வருவது கவராய வெட்டி. பாடசாலைக் கவராயத்தில் பென்சில் இருக்கும் இடத்தில் சிறு அலகு இருக்கும். ஆரையை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஒரே கருவியில் பல அளவுகள் எடுக்கலாம். பெரிய காகிதப் பூவின் அடித்தட்டுக்கும் விளக்குக்கூட்டின் அடிப்பாகத்துக்கும் இதுவே பொருத்தம்.

கீழே கட்டாயம் வெட்டு விரிப்பு வேண்டும். மேசைக்கு மட்டுமல்ல, ஊசிமுனை வழுக்காமல் நிற்பதற்கும் அது தேவை. ஒரே தடவையில் அழுத்தி வெட்ட முயன்றால் கால் விரிந்து வட்டம் தொடங்கிய இடத்தில் முடியாது. மெதுவாக இரண்டு மூன்று சுற்று வெட்ட வேண்டும். நடுவில் ஊசித்துளை விழக்கூடாது என்றால், சிறு அட்டைத் துண்டை மையத்தில் இலகுவில் உரியும் ரேப்பால் ஒட்டி அதன்மேல் ஊசியை ஊன்றலாம்.

மொட்டை அலகே அதிக ஆபத்தானது. கூடுதலாக அழுத்த வைக்கும், வழுக்கும், தாளைக் கிழிக்கும். 1956இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா என்பவர், சொக்கிளேற் கட்டியை உடைப்பதுபோல் முனையை உடைத்துப் புதுக் கூர் பெறும் கத்தியை உருவாக்கியதும் இந்தத் தொல்லைக்காகத்தான். ஓல்ஃபா நிறுவனம் அதிலிருந்து வந்தது. உடைத்த துண்டுகளையும் பழைய அலகுகளையும் குப்பைப் பையில் வெறுமனே போடக் கூடாது. மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, ரேப் சுற்றி அகற்றினால் குப்பை அள்ளும் தொழிலாளியின் கை தப்பும்.

இயந்திரம்

கிரிகட், சில்லுவெற் போன்ற மின் இயந்திரங்கள் கணினியிலோ கைபேசியிலோ கொடுத்த அளவில் வெட்டும். வட்டத்துக்காக மட்டும் வாங்குவது வீண். பெயர் எழுத்து, கோலம், மயில் என்று பல வடிவங்களும் அடிக்கடி தேவை என்றால் பயன் தரும். ஒரு வீட்டைவிட ஒரு தமிழ்ப் பாடசாலையோ அலங்காரம் செய்யும் சில குடும்பங்களோ சேர்ந்து வாங்குவது நல்லது. வெட்டி முடிந்ததும் தாளை விரிப்பிலிருந்து இழுத்தால் தாள் சுருளும். விரிப்பைக் கவிழ்த்து, விரிப்பை வளைத்து உரித்தால் தாள் தட்டையாக இருக்கும்.

சட்டம் சொல்வது

இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கத்தியோ கத்தி அலகோ விற்பது குற்றம். கைவேலைக் கத்திக்கும் கடைகள் வயது கேட்பது இதனால்தான். இணையத்தில் வாங்கினால் 2022 ஏப்ரல் முதல், வீட்டுக்கு வரும் அலகுள்ள பொருளை வயது உறுதிசெய்தே கையளிக்க வேண்டும்.

இன்னும் முக்கியமானது கொண்டு செல்வது. 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் 139ஆம் பிரிவின்படி, அலகுள்ள அல்லது கூர்முனையுள்ள பொருளைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். உச்ச தண்டனை நான்கு ஆண்டுச் சிறை. வெட்டு விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடிப்புக் கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. கைவேலைக் கத்தி மடியாது. அதனால் அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் விலக்கு இல்லை. பாடசாலை வளாகத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. எங்கள் வார இறுதி வகுப்புகள் பல, ஆங்கிலப் பாடசாலைக் கட்டடங்களிலேயே நடக்கின்றன.

தகுந்த காரணம் இருந்தது என்பதைக் காட்ட வேண்டியவர் வைத்திருந்தவரே. கைவேலை வகுப்புக்குப் போகும் வழி என்றால் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வகுப்பு முடிந்து மூன்று நாள் கழித்தும் பையில் கிடந்தால் இல்லை. மறந்துவிட்டேன் என்பது மட்டும் போதாது என்று நீதிமன்றங்கள் கூறியுள்ளன. இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு வயது பத்து. சனிக்கிழமை பூ வெட்டிய கத்தியோடு திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறும் பதினான்கு வயதுப் பிள்ளையைச் சோதனையில் நிறுத்தும் பொலிஸாருக்கு அந்தப் பூவைப் பற்றித் தெரியாது.

ஆகவே ஒரு விதி போதும்: அலகுள்ள எதுவும் பிள்ளையின் பையில் போகக் கூடாது. கவராய வெட்டிக்கும் இது பொருந்தும். ஆசிரியரோ பெற்றோரோ மூடிய பெட்டியில் கொண்டுவந்து, எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, நேரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வகுப்பறையிலேயே பூட்டி வைக்க இடமிருந்தால் அதனிலும் நல்லது. சட்டம் மாறிக்கொண்டு வருவதால், வாங்குமுன் அரசின் இணையத்தளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கலாம்?

புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு நல்ல கத்தரிக்கோல் ஒன்று, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் அளவில் பஞ்ச் ஒன்று போதும். பெரிய பூக்கள் செய்வோர் கவராய வெட்டியும் விரிப்பும் சேர்த்துக்கொள்ளலாம். பாடசாலைக்கு இரண்டு மூன்று அளவுகளில் பஞ்சுகளும், இடக்கைக் கத்தரிக்கோல் இரண்டும் வாங்கி வைத்தால் சிறு பிள்ளைகளின் வகுப்பில் கத்திக்கு வேலையே இராது. வட்டங்களை முதல் வாரமே வெட்டிப் பெட்டியில் போட்டுவிட்டால், விழாவுக்கு முதல்நாள் இரவு நித்திரை கொள்ளலாம்.