சத்துணவு ஆயா பார்ப்பது பகுதிநேர வேலையா?

நூறு பிள்ளைகள் சாப்பிடும் ஒரு சத்துணவு மையத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. நூறு முட்டையையும் அவித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, ஓடு ஒட்டாமல் உரித்தாக வேண்டும். பள்ளி ஆண்டுக்கு இருநூறு நாள் என்று குறைத்தே வைத்தாலும் ஆண்டுக்கு 20,000 முட்டை, பத்தாண்டில் இரண்டு லட்சம். அரசுப் பதிவேட்டில் இதை உரிப்பவர் பெயர் சமையல் உதவியாளர். பிள்ளைகளுக்கு அவர் சத்துணவு ஆயா. முட்டை அவர் வேலையில் ஒரு பங்குதான். அரிசியில் கல்லும் வண்டும் பார்த்துக் களைவது, காய் நறுக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, பரிமாறுவது, கடைசியில் அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து அறையைக் கழுவிவிடுவது எல்லாம் அவர் தலையில்தான். சமையலர் பணியிடம் காலியாகக் கிடக்கும் மையத்தில் உலை வைப்பதும் தாளிப்பதும்கூட அவரே. இருபது, முப்பது ஆண்டுகள் இப்படி உழைத்து ஓய்வுபெறும் பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆனால் அவர்கள் பார்ப்பது முழு வேலை என்று அரசு ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பகுதிநேரம், மதிப்பூதியம், சிறப்புக் காலமுறை என்று ஏதாவதொரு அடைமொழி கூடவே வரும். அந்தக் கணக்கு தொடக்கத்திலிருந்தே பிசகு.

பள்ளி உணவின் வரலாற்றைத் தலைவர்களின் பெயரால் சொல்வது நம் வழக்கம். 1920-இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுத்தது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1984-இல் அது பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை நீண்டது. முட்டையின் கதை தனி: 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 1998-இல் வாரத்துக்கு ஒன்று, 2006-இல் இரண்டு, 2007-இல் மூன்று, 2010-இல் ஐந்து. பிறகு 2013-இல் கலவை சாதம் வந்தது. பதின்மூன்று வகைச் சாப்பாடு, நான்கு வகை முட்டை மசாலா. பிள்ளைகளுக்கு இவ்வளவும் வேண்டியதுதான், அதில் பேச்சில்லை. இதே வரலாற்றை அடுப்படியில் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். சோறும் சாம்பாரும் மட்டும் இருந்த காலத்தில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது அடுத்த வேலையைப் பார்க்க முடிந்தது. இன்று தக்காளி சாதம் என்றால் வெங்காயமும் தக்காளியும் கிலோக்கணக்கில் நறுக்க வேண்டும், உரித்த முட்டையை மறுபடி மிளகில் புரட்ட வேண்டும். ஒவ்வோர் அறிவிப்பும் அடுப்படியில் வேலையைக் கூட்டியது. மையத்துக்கு அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்ற கணக்கு மட்டும் அப்படியே நின்றது.

மதியம் ஒரு மணி நேரம் பரிமாறுவதுதானே, அதற்கு எதற்கு முழுச் சம்பளம் என்று கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டரைக்குப் பந்தி என்றால் பத்து மணிக்கு முன்பே உலை கொதிக்க வேண்டும். அதற்கு முன்னால் காய் நறுக்கியிருக்க வேண்டும். பாத்திரம் கழுவி முடிய இரண்டரை, மூன்று ஆகிவிடும். காலை எட்டரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்ணுக்கு அந்த நாளில் வேறு கூலி வேலைக்குப் போக ஏது நேரம்? பகுதிநேரம் என்றால் மீதி நேரம் அவர் கையில் இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் நேரத்தைவிடப் பெரியது பொறுப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகளைக் கொன்ற தீ, சமையல் கூடத்தில்தான் பிடித்தது. 2014-இல் வந்த விசாரணை நீதிமன்றத் தீர்ப்பில் தண்டனை பெற்றவர்களுள் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் இருந்தனர். சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, அதே ஜூலை 16-இல், பீகாரின் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் பூச்சிமருந்து கலந்த உணவால் 23 பிள்ளைகள் இறந்தார்கள். எண்ணெயின் நாற்றம் சரியில்லை என்று சமைத்த பெண் முதலிலேயே சொன்னதாகவும், அதை யாரும் காதில் வாங்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. அவரும் அந்தச் சாப்பாட்டைத் தின்று மருத்துவமனையில் கிடந்தார். தப்பு நடந்தால் சிறைக்குப் போகும் அளவு பொறுப்பு இருக்கிறது. சந்தேகம் வந்தால் அடுப்பை அணைக்கும் அதிகாரம் மட்டும் இல்லை. பகுதிநேர ஊழியர் என்று முத்திரை குத்தப்பட்டவரின் மூக்கை எந்த அதிகாரி நம்புவார்?

இன்னொரு சுமையும் உண்டு, அது எந்தப் பணிப்பட்டியலிலும் இல்லை. பள்ளிச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே பந்தியில் உட்கார்ந்து யார் சமைத்ததையும் சாப்பிடப் பழகட்டும் என்பதே அதன் உட்பொருள். அந்தப் பாடத்தை ஊருக்கு நடத்தும் வேலை அடுப்படிப் பெண்ணின் மேல் விழுந்தது. 2018-இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் தகராறு செய்ய, முதலில் மாற்றப்பட்டவர் அந்தப் பெண்தான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே திரும்ப அமர்த்தப்பட்டார். 2023-இல் எட்டயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலை உணவைப் பிள்ளைகள் தொடாமலிருக்க, நாடாளுமன்ற உறுப்பினரே வந்து உடன் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பிரமுகர் ஒரு வேளை சாப்பிட்டால் செய்தி. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே அடுப்பில், அதே ஊர்க்காரர்கள் முன்னால் சமைப்பது அந்தப் பெண்.

சம்பளத்துக்கு வருவோம். நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் பள்ளிச் சமையலர்-உதவியாளர்கள் இருக்கிறார்கள். ஒன்றிய அரசின் கணக்கில் அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம்தான். 2009 டிசம்பரில் வைத்த தொகை இது. தமிழ்நாடு இதைவிட எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் 2017-இல் திருத்திய சிறப்புக் காலமுறை ஊதியத்தில் சமையல் உதவியாளரின் அடிப்படை 3,000-இல் தொடங்கி 9,000-இல் முடிகிறது. அகவிலைப்படி சேர்ந்தாலும் இதை வைத்து ஒரு குடும்பம் நடக்காது. பக்கத்தில் கேரளம் நாள் கணக்கில் 600 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பதினான்கு ஆண்டுகள் சமைத்த ஒரு பெண்ணை வேலையைவிட்டு நீக்கிய வழக்கில் 2020 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1,000 ரூபாய்க்கு வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்றது அந்தத் தீர்ப்பு.

எல்லோருக்கும் முழுச் சம்பளம் கொடுக்க அரசிடம் பணம் எங்கே என்பது நியாயமான கேள்விதான். மாநிலத்தில் 43,000-க்கு மேல் மையங்கள் உள்ளன, செலவு சிறியதல்ல. ஆனால் இந்தச் சோற்றை வெறும் செலவாக எழுதிவிட முடியாது. 2021-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, பள்ளி உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேலாக இருந்ததைக் காட்டியது. ஒரு தலைமுறைக்குப் போட்ட சோறு அடுத்த தலைமுறையின் உடம்பில் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே பெரிய கூடத்தில் சமைத்து வண்டியில் அனுப்பினால் மிச்சமாகுமே என்றும் சொல்கிறார்கள். நகரத்துக்கு அது சரிப்படலாம், 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் நகர்ப்புறத்துக்கு மட்டுமே அதை அனுமதிக்கிறது. கிராமத்துப் பள்ளிக்கு இருபது மைல் தாண்டி வரும் சோறு சூடாக வராது. எந்தப் பிள்ளை முட்டை தின்னாது, எது இரண்டாம் தரம் கேட்கக் கூச்சப்படும், எது நேற்று ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தது என்பதும் வண்டிக்காரருக்குத் தெரிய வழியில்லை. அதெல்லாம் வருஷக்கணக்காக ஒரே வரிசைக்குச் சோறு போட்ட கைக்குத்தான் தெரியும்.

அனுபவம்தான் இந்த வேலையின் முதல். அதற்கு மதிப்பில்லை என்பதற்கு அண்மைச் சாட்சி 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். திட்டம் அருமையானது, 2023 ஆகஸ்டில் 31,000-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஆனால் விதிப்படி அவர்களுடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். தன் பிள்ளைக்குச் சமைப்பதுபோல் அக்கறையாகச் சமைப்பார் என்பது அதிகாரிகளின் எண்ணம், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் நூறு பேருக்கு உப்பும் உறைப்பும் ஒரே மாதிரி போடக் கை பழகுவதற்கே இரண்டு வருஷம் ஆகும். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும்போது, கை பழகிய தாயும் அந்த அடுப்படியைவிட்டு வெளியேறியாக வேண்டும்.