மரமஞ்சள் தீர்ந்தால் என்ன செய்வோம்?

வாழைச்சேனை வாவியில் வலை இழுப்பவர்களுக்குக் கெளிறு முள் குத்துவது புதிதல்ல. மரமஞ்சள் அவித்த தண்ணீரால் புண்ணைக் கழுவச் சொல்வார் பரியாரியார். அந்தக் கைவைத்தியத்தை இப்போது ஆய்வுகூடங்களும் திரும்பிப் பார்க்கின்றன. பார்க்காமல் முடியாது. குளிசைக்கு அடங்காத பக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள்.

மரமஞ்சளின் நிறமும் கசப்பும் பெர்பெரின் என்ற பொருளுடையவை. பக்டீரியாவைக் கொல்லும் சத்தும் அதுதான். ஆனால் சீழ்க்கட்டிக்குக் காரணமான ஸ்டஃபிலோகொக்கஸ் லேசுப்பட்டதல்ல. தோணிக்குள் ஏறும் தண்ணீரை இறைப்பதுபோல, உள்ளே வரும் பெர்பெரினை ஒரு புரதப் பம்பு கொண்டு வெளியே தள்ளிவிடும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் செடிகளில் இன்னொரு பொருளையும் கண்டார்கள். தனியே விட்டால் அது கிருமியை ஒன்றும் செய்யாது. அந்தப் பம்பை மட்டும் அடைத்துவிடும். பிறகு பெர்பெரின் தன் வேலையை முடிக்கும். சத்தை மட்டும் பிரித்துக் குளிசையாக்கினால் இந்தக் கூட்டாளி போய்விடுகிறது. மரமஞ்சளிலும் அப்படியொரு கூட்டாளி இருக்கிறதா என்று பார்க்க முழுச் சாற்றையே ஆராய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆய்வுகூடத் தட்டில் செத்த கிருமி உடம்புக்குள்ளும் சாகும் என்றில்லை என்பார்கள் டாக்டர்மார். அதுவும் சரிதான்; குடித்த பெர்பெரினில் மிகக் கொஞ்சமே இரத்தத்தில் சேர்கிறது. உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிக்கஸ் என்ற பக்டீரியா காயத்துக்குள் புகுந்தால் கசாயத்தை நம்பி இருக்கக் கூடாது. நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர் காயம் வீங்கிய அன்றே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்குள்ள கவலை வேறு. மரமஞ்சள் நம் வறண்ட பக்கத்துச் செடியல்ல. ஈரவலயக் காட்டிலிருந்து கடைக்கு வருகிறது. மெல்ல வளரும் கொடி, தடிக்கப் பல வருடம் எடுக்கும். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஒன்றை வெட்டிவிட்டால் மற்றதால் விதை தர முடியாது. இலங்கையில் இது அருகிவரும் செடி. கொரோனாக் காலத்தில் மல்லியோடு சேர்த்து வீடு வீடாக அவித்தோம். இன்றைக்குச் சோப்புக்கும் முகப்பூச்சுக்கும்கூடப் போகிறது! நாளைக்கு இதிலிருந்து நல்ல மருந்தொன்று வந்தால் காட்டில் வேர்கூட மிஞ்சாது. மருந்து தேடப் பணம் ஒதுக்குவோர் அதில் ஒரு பங்கை நாற்றுமேடைக்கும் ஒதுக்க வேண்டும்.

அடுத்த முறை மரமஞ்சள் வாங்கும்போது, இது நட்டு வளர்த்ததா, காட்டில் வெட்டியதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.