தோட்டாவைத் தேர்வதற்கு முன்: தற்காப்புத் துப்பாக்கியும் வன்கொடுமைத் தடுப்பு விதிகளும்

வீட்டைக் காத்துக்கொள்ள ரிவால்வரில் எந்தத் தோட்டாவை இடுவது என்பது அமெரிக்காவில் ஒரு நுகர்வோரின் கேள்வி. அங்கே அதற்குக் கடைகள் உண்டு, கையேடுகள் உண்டு, வல்லுநர்கள் உண்டு. நம் நாட்டில் அக்கேள்வி எழுவதற்கு முன்பே வேறு பல கேள்விகளுக்கு விடை காண வேண்டியுள்ளது. துப்பாக்கி வைத்திருக்க யாருக்கு உரிமம் கிடைக்கிறது? யாருடைய உரிமம் ஒருபோதும் பறிக்கப்படுவதில்லை? சாதிய வன்முறைகளுக்குப் பின்னர் 'தற்காப்புக்கு எங்களுக்கும் துப்பாக்கி உரிமம் கொடுங்கள்' என்ற முழக்கம் எழுவதுண்டு. வெறும் உணர்ச்சி வேகம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆனால் அந்த இடம் எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் அரசு செய்ய வேண்டியது என்ன என்பதை அறியாமல் அம்முழக்கத்தை எழுப்பினால், நமக்குச் சேர வேண்டியதில் பாதியை நாமே விட்டுக்கொடுத்தவர்களாவோம்.

தோட்டாவைத் தேர்வது அரசே

இந்தியாவில் ஒரு குடிமகன் தன் ரிவால்வருக்கான தோட்டாவைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. இராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ., 0.38, 0.455 அங்குலத் தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கிகள் சாதாரண உரிமத்துக்கு அப்பாற்பட்டவை. அரசுப் படையின் தோட்டா குடிமக்களின் துப்பாக்கிக்குப் பொருந்திவிடக் கூடாது என்ற காலனியக் கால எச்சரிக்கையின் தொடர்ச்சியே இது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கோ விலக்கு அளித்தது. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று பிறப்பைக் கொண்டு பிரிக்கும் மனப்பான்மை இத்துறையில் புதிதன்று.

ஆகவே உரிமம் பெறும் குடிமகனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 0.32 அங்குல ரிவால்வரும் அதற்கான, விசை குறைந்த ஈயத் தோட்டாவுமே. ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வாங்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். வாங்கியதற்கெல்லாம் கணக்கு இருக்கும்.

விலையையும் பார்ப்போம். டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையைத் தொடர்ந்து, பெண்களின் தற்காப்புக்கென்று கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் 'நிர்பீக்' என்ற 0.32 ரிவால்வரை வெளியிட்டது. அப்போதே அதன் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாளூதியம் 336 ரூபாய். நூறு நாளும் முழுமையாக வேலை கிடைத்தாலும் ஆண்டுக்கு 33,600 ரூபாய். உண்ணாமல் உடுத்தாமல் மூன்றரை ஆண்டுகள் சேர்த்தாலும் பத்தாண்டுகளுக்கு முந்தைய அவ்விலையை எட்ட முடியாது. பெண்களின் பெயரால் வந்த அந்தத் துப்பாக்கி எந்தப் பெண்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சுவரில்லாத வீடும் துளைக்கும் தோட்டாவும்

தோட்டா பற்றிய அமெரிக்க விவாதத்தின் மையம் ஒன்றுதான்: இலக்கைத் தவறவிட்ட தோட்டா சுவரைத் துளைத்து அடுத்த அறையில் உறங்கும் குழந்தையைத் தாக்கிவிடக் கூடாது. அதனால்தான் உடலுக்குள் புகுந்ததும் விரிந்து வேகமிழக்கும் குழிமுனைத் தோட்டாக்களை அங்குள்ள வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். அவ்விவாதம் தனி வீடு, தனி அறைகள், ஒற்றைத் திருடன் என்ற காட்சியை முன்வைத்தே நடக்கிறது.

நமது குடியிருப்புகளின் காட்சி வேறு. கீற்றும் தகரமும் மண்சுவரும் கொண்ட வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. விசை குறைந்த தோட்டாவைக்கூடத் தடுக்கும் வலிமை கீற்றுக்கு இல்லை. ஒரு வீட்டிலிருந்து சுட்டால் அது எதிர் வீட்டுக்குள் போகும். வருவதும் ஒற்றைத் திருடன் அல்லன், கும்பல். ரிவால்வரிலோ ஐந்து அல்லது ஆறு தோட்டாக்களே இருக்கும்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தாக்க வந்தோரிடம் துப்பாக்கிகள் இருந்தன. உயிர் பிழைக்க ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் அக்குடிசையோடு எரிக்கப்பட்டனர். 1997 டிசம்பர் 1 இரவு பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் ரண்வீர் சேனையினர் வீடு புகுந்து 58 தலித்துகளைச் சுட்டுக் கொன்றனர். கீழமை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இந்த இரு ஊர்களிலும் ஓர் உழைப்பாளியின் வீட்டில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. தாக்கியவர்களின் கையில் துப்பாக்கி இல்லாமல் செய்திருந்தால் நிகழ்வின் போக்கு நிச்சயம் வேறாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் துப்பாக்கி வருவதன் விலையையும் நாம் மறைக்கக் கூடாது. துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு கூடுதலாக இருப்பதாக 1993இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கொன்றவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தினரும் அறிமுகமானவர்களுமே. நம் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கேளாமல் எடுக்கும் முடிவு தற்காப்பு ஆகாது.

தற்காப்புரிமையின் எல்லைகள்

துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தற்காப்புரிமை நமக்கு உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் வழங்கிய அவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது. குறிப்பாக 41ஆம் பிரிவை நம் மாணவர்கள் படித்திருக்க வேண்டும். இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், மனிதர் வாழும் வீட்டுக்குத் தீ வைத்தல் ஆகியவற்றைத் தடுக்கும்போது, எதிரியின் உயிருக்குக் கேடு நேர்ந்தாலும் அது குற்றமன்று என்கிறது அப்பிரிவு. குடிசைக்குத் தீ வைக்க வருபவனைத் தடுப்பது சட்டம் ஏற்கும் செயல்.

எல்லையும் உண்டு. 37ஆம் பிரிவின்படி, அரசின் பாதுகாப்பை நாடக் காலம் இருந்தால் அவ்வுரிமை எழாது. காத்துக்கொள்ளத் தேவையானதைவிடக் கூடுதலான கேட்டை விளைவிக்கவும் கூடாது. பழிவாங்கல் தற்காப்பு ஆகாது. காவல் நிலையத்துக்கு எப்போது தகவல் சொன்னோம், அவர்கள் எப்போது வந்தார்கள் என்ற பதிவு எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

முதலில் களைவது, பிறகே தருவது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் இயற்றப்பட்ட விதிகளுள் 3(1) விதி, அரசு எடுக்க வேண்டிய முன்தடுப்பு நடவடிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையே நமக்கான பாடம்.

முதலாவது, வன்கொடுமை நிகழலாம் என்று கருதக் காரணமுள்ள பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். இரண்டாவது, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே நேரில் சென்று சட்டம் ஒழுங்கு நிலையை ஆராய அரசு ஆணையிட வேண்டும். மூன்றாவது, தேவையெனக் கருதினால், அப்பகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களுக்கும் இது பொருந்தும். நான்காவது, சட்டவிரோதத் துப்பாக்கிகள் அனைத்தையும் கைப்பற்ற வேண்டும். ஐந்தாவதாகத்தான், உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்குவது வருகிறது.

மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் 'தேவையெனக் கருதினால்' என்ற சொற்கள் உள்ளன. முதலாவதிலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் அத்தகைய தளர்வு இல்லை. பகுதியை அடையாளம் காண்பதும் கள்ளத் துப்பாக்கிகளைப் பறிப்பதும் அரசின் விருப்பம் அல்ல, கடமை. நாம் ஐந்தாவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது முதல் நான்கிலிருந்து நிர்வாகம் நழுவிவிடுகிறது.

அதிகாரியின் கருத்துக்கு விடப்படும் உரிமம் யாருக்கு மறுக்கப்படும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. 1956 ஜனவரி 30 அன்று மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. அதன் பிறகு துப்பாக்கி எடுத்துச் செல்ல அவர் கேட்ட அனுமதியை உள்ளூர் நிர்வாகம் மறுத்துவிட்டது. குண்டு விழுந்த வீட்டுக்காரருக்கே ஆபத்து இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

மனுவில் எழுத வேண்டியவை

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் நமக்குக் கைகொடுக்கும் கூறுகள் உள்ளன. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது 14(2) பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும், பொதுநலனுக்குப் புறம்பாக அமைந்தாலன்றி, கேட்டால் அக்காரணத்தைச் சுருக்கமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது 14(3) பிரிவு. 18ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவையென்றால் ஒருவரது உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ 17(3) பிரிவு அதிகாரம் அளிக்கிறது. இது ஆதிக்கச் சாதியினரின் உரிமத்துக்கும் பொருந்தும்.

ஆகவே அச்சுறுத்தல் உள்ள ஊரிலிருந்து மாவட்ட ஆட்சியருக்குச் செல்லும் மனு ஒற்றை வரியில் 'துப்பாக்கி தாருங்கள்' என்று இருக்கக் கூடாது. 3(1) விதியைப் பெயர் குறித்துச் சொல்ல வேண்டும். நிகழ்ந்த மிரட்டல்களை நாள், இடம், புகார் எண்ணோடு வரிசைப்படுத்த வேண்டும். ஊரை வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள பகுதியாக அறிவிக்கவும், இன்னின்னாரிடம் உள்ள உரிமத் துப்பாக்கிகளைக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவும், கள்ளத் துப்பாக்கிகளைத் தேடிக் கைப்பற்றவும், சிறப்புக் காவல் படையை நிறுத்தவும் கேட்க வேண்டும். இவற்றைச் செய்யத் தவறினால் விதியின் ஐந்தாம் உட்பிரிவின்படி இன்னாருக்கு உரிமம் வழங்க வேண்டும் என்பது இறுதிக் கோரிக்கையாக அமையட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத்தில் பதில் கேட்க வேண்டும். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கும் படி அனுப்ப வேண்டும்.

உரிமம் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஆபத்தைப் பற்றி அரசுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கான சான்று நம் கையில் இருக்கும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்க அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது. நாளை வழக்கு நடக்கும்போது, 'எங்களுக்கு எதுவும் தெரியாது' என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாதபடி அந்த மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்போம்.