சான்றின் வலிமை

காலநிலை மாறுகின்றது, நீர்வளம் குன்றுகின்றது என்னும் செய்திகளை நேயர்கள் நாள்தோறும் கேட்டு வருகின்றீர்கள். அவற்றை முழுவதும் நம்புவாரும் உளர். முழுவதும் தள்ளுவாரும் உளர். இச்செய்திக்கு ஆதாரமாய் நிற்கும் சான்று எத்துணை வலிமையுடையது என்று வினவுவாரோ மிகச் சிலர்.

1988 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு, தன் அறிக்கைகளில் இவ்வினாவுக்கு விடை கூற ஒரு முறையைக் கையாளுகின்றது. சான்றுகள் எவ்வளவு உள்ளன, அவை தம்முள் எவ்வளவு ஒத்துச் செல்கின்றன என்னும் இரண்டையும் சீர்தூக்கி, ஒரு முடிவின்மேல் வைக்கத்தக்க நம்பிக்கை மிகுதியா, நடுத்தரமா, குறைவா என அது குறிக்கின்றது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர, காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைக் கொள்ளும். இது பௌதிக விதி. அளவீடுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. ஆகவே பெருமழைகள் மேலும் கடுமையாகும் என்பது வலிய கூற்று. குறித்த ஓர் ஊரில் ஆண்டு மழை கூடுமா, குறையுமா என்று கேட்டாலோ சான்று மெலிந்துவிடுகின்றது.

அக்குழுவே ஒருமுறை வழுக்கி விழுந்ததுண்டு. இமயமலைப் பனிக்கட்டியாறுகள் 2035 ஆம் ஆண்டளவில் மறைந்துவிடக்கூடும் என்று அதன் 2007 ஆம் ஆண்டு அறிக்கையின் ஒரு பகுதி கூறியது. சிந்து, கங்கை, பிரமபுத்திரா ஆகிய நதிகளை நம்பி வாழும் கோடிக்கணக்கான மக்களுக்கு இது சிறிய செய்தியன்று. அக்கூற்று வந்த வழியைப் பின்னோக்கித் தேடியபோது, ஓர் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் 2005 ஆம் ஆண்டு அறிக்கையும், அதற்கும் பின்னால் 1999 இல் வெளிவந்த சஞ்சிகைச் செய்தியொன்றும் தென்பட்டன. அளந்து கண்டு, பிற விஞ்ஞானிகளின் பரிசீலனைக்கு உட்பட்ட ஆய்வு எதுவும் அடியில் இருக்கவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்தெழுத, மூன்று இடங்களில் அச்சேறியது. சான்று ஒன்றேனும் கூடவில்லை. 2010 சனவரியில் குழு தன் வருத்தத்தை வெளியிட்டது.

உடனே, பனி உருகுவதே பொய் எனச் சிலர் ஆர்ப்பரித்தனர். அதற்கும் ஆதாரமில்லை. உலக வெப்ப உயர்வு 1.5 பாகைக்குள் அடங்கினும், இந்நூற்றாண்டின் முடிவில் அம்மலைத்தொடரின் பனியில் மூன்றில் ஒரு பங்கு அழியும் என, காத்மண்டுவிலுள்ள மலை அபிவிருத்திக்கான சர்வதேச நிலையம் 2019 இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகின்றது. பிழைத்தது ஆண்டுக் கணக்கு, உருகுதல் மெய்யே.

காரணம் காட்டுமிடத்தும் இதே நிதானம் வேண்டற்பாலது. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே சுண்ணாம்புக்கல்லினுள் ஊறிய மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. மேலே ஓரடி இழந்தால் கீழே நாற்பதடி இழப்போம். உலகில் கடல்மட்டம் உயர்ந்து வருவது திண்ணமாய் அளந்தறியப்பட்டது. எனினும் ஒரு தோட்டக் கிணறு உவர்த்தவுடன் பழியைக் கடல்மேற் போடுதல் பொருந்தாது. இயந்திரம் கொண்டு அளவின்றி இறைத்தாலும் அதே விளைவு நேரும். கடல் உயர்வைத் தோட்டக்காரர் தனித்து நின்று தடுக்கவியலாது. இறைப்பை இன்றே குறைக்கலாம். எக்காரணம் எவ்வளவு என்று அறிய, நீர்மட்டமும் உவர்ப்பும் இறைத்த அளவும் மாரியிலும் கோடையிலும் ஆண்டுக்கணக்கிற் குறித்து வைக்கப்படல் வேண்டும். இரண்டொரு கோடையின் குறிப்பு இதற்குப் போதாது.