இடிந்த சுவரும் எஞ்சிய சுவர்களும்

புதுச்சேரியின் பழைய சம்பாக் கோயிலில், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் நின்றது. 1745இல் அம்மக்கள் திரண்டு சென்று குருவிடம் முறையிட்டனர். அவர் அதனை இடிக்கச் செய்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதற்குச் சான்று.

தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பதும், வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் சாதியை விசாரிப்பதும் அதே சுவரன்றோ? அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது 15ஆம் பிரிவு. ஆயினும் கல்லாவில் அமர்பவர் நாமே.

கடை நடத்துவோர் எல்லாருக்கும் ஒரேவிதக் குவளையில் தேநீர் தரட்டும். சாதி கேளாது வேலை கொடுக்கட்டும். வீட்டுக்காரர் சாதி கேளாது குடிவைக்கட்டும். தனிக் குவளை வைத்திருக்கும் கடையில் அருந்த மறுப்பது நம் ஒவ்வொருவராலும் இயலும். அன்று முறையிட்டோரின் துணிவில் சிறிதேனும் நமக்கு வேண்டாமா?